லைப்சிக்கிலிருந்து அப்பாவுக்கு

லைப்சிக்,
13 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. நமக்குச் சுவிசேஷம் அனுப்பின தேசத்திலேயே விசுவாசம் அவிந்துபோயிற்றாமே, கோயிலுக்குள் பாப் பாட்டாம், கம்ப்யூட்டர் பிரசங்கமாம், இதற்கா பொறையாரை விட்டுப் போனாய் என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

எண்ணிக்கை குறைவது உண்மைதான். 2023இல் மட்டும் இங்குள்ள புராட்டஸ்டன்ட் சபையான சுவிசேஷ சபையையும் கத்தோலிக்க சபையையும் விட்டு விலகியவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். இங்கே சபை அங்கத்தினர்களிடம் அரசே சபை வரியையும் பிடித்துக் கொடுத்துவிடும். எங்கள் மாநிலமான சாக்சனியில் அது வருமான வரித் தொகையில் 9 சதவீதம். வேண்டாம் என்றால் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். 1706இல் சுவிசேஷம் சொல்லத் தரங்கம்பாடியில் வந்து இறங்கின மிஷனரி சீகன்பால்க் ஐயர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊர் இதே சாக்சனியில்தான் இருக்கிறது. அவருடைய மண்ணில் இன்று ஐந்தில் ஒருவர்கூட லுத்தரன் இல்லை.

ஆனால் இதை வெறும் பின்மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியில் நாற்பது வருஷம் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தது. யுத்தத்தின் குண்டுகளுக்குத் தப்பி நின்ற பல்கலைக்கழக ஆலயத்தை, 1968 மே 30ஆம் தேதி, இதே லைப்சிக்கில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாலிபப் பிள்ளைகள் சபையில் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிற திடப்படுத்தலுக்குப் போட்டியாக அரசு ஒரு வாலிபர் சடங்கைக் கொண்டுவந்தது. அதில் சேராத பிள்ளைக்கு மேல்படிப்பு கிடைப்பது கஷ்டம். என் சபையில் அப்படிப் படிப்பை இழந்த பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கம்பக்கத்தாரின் பேரப்பிள்ளைகள் சபையை விட்டுப் போனவர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் உள்ளே வந்ததே கிடையாது. பொறையாரில் பிரசங்கம் பண்ணும்போது யோசேப்பும் தாவீதும் எல்லாருக்கும் தாய்ப்பாலோடு வந்தவர்கள். இங்கே தகப்பனை விட்டுப் போய்த் திரும்பி வந்த கெட்ட குமாரன் கதையைச் சொன்னால், கோபித்துக்கொண்டு வெளியே நின்ற அந்த மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் உண்மையான ஆவலோடு கேட்கிறார். இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிற இடத்தில் ஊழியம் செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் அப்பா.

சரி, அந்தப் பாப் பாட்டு விஷயம். அது 2024 மே மாதம் ஹைடல்பெர்க் பரிசுத்த ஆவி ஆலயத்தில் நடந்தது. டெய்லர் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டுகளை வைத்து இரண்டு ஆராதனைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், முக்கியமாக இளையவர்கள். தன்னையே தனக்குப் பிடிக்காமல் போவதையும் சந்தேகத்தையும் அந்தப் பெண் பாடுகிறார். சங்கீதங்களில் தாவீது அழுததும் அதற்காகத்தானே? நீங்கள் உருகிப் பாடுகிற பெத்லகேம் குறவஞ்சியை நினைத்துப் பாருங்கள். குறத்தி கை பார்த்துக் குறி சொல்கிற ஆட்டத்தை அந்தக் காலத்து ஜனங்கள் கோயில் வாசலிலும் அரண்மனையிலும் பார்த்து ரசித்தார்கள். வேதநாயக சாஸ்திரியார் அதையே எடுத்து, குறத்தியை விசுவாசமாகவும் தலைவியைச் சபையாகவும் ஆக்கிவிட்டார். சாஸ்திரியாருக்குக் கொடுக்கிற இடத்தை ஹைடல்பெர்க் போதகர்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கம்ப்யூட்டர் பிரசங்கத்தில் உங்கள் பக்கம்தான் நான். 2023 ஜூனில் ஃபுர்த் நகரத்துப் பரிசுத்த பவுல் ஆலயத்தில் சாட்ஜிபிடியைக் கொண்டு ஒரு ஆராதனையைத் தயாரித்து, திரையில் தோன்றும் உருவங்களைப் பேச வைத்தார்கள். சோதனை முயற்சிதான், முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். வாக்கியங்களில் பிழை இருக்காது. ஆனால் சனிக்கிழமை துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவன் ஞாயிற்றுக்கிழமை பேசுவதை அது எப்படிப் பேசும்?

இதை எனக்குப் புரியவைத்தது போன கிறிஸ்துமஸ்தான். டிசம்பர் 20ஆம் தேதி மாலை மாக்டெபர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒருவன் கூட்டத்துக்குள் காரை ஏற்றினான். ஆறு பேர் உயிர் போயிற்று. அதில் ஒன்பது வயதுப் பையனும் ஒருவன். பிடிபட்டவன் சவூதியிலிருந்து வந்து வருஷக்கணக்காக இங்கே வேலை பார்த்த டாக்டர். மறுநாள் டிராமில் போகும்போது என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி எழுதிவைத்திருந்த பிரசங்கத்தைக் கையில் எடுக்கவே முடியவில்லை. மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நான்காம் ஞாயிறு, மரியாளின் பாட்டுதான் பிரசங்க வசனம். எளியவர்களைக் கர்த்தர் உயர்த்துகிறார் என்று, வெளிநாட்டிலிருந்து வந்த கறுத்த மனுஷன் நான், அந்த ஜனங்கள் முன்னால் எந்த முகத்தோடு சொல்வது?

சொன்னேன். குரல் நடுங்கியது. ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது, படிப்பை இழந்தார் என்று சொன்னேனே, அந்தப் பாட்டிமாரில் ஒருவர் என் கையை விடவே இல்லை. "நேற்று டிவி பார்க்கும்போது முதலில் உங்கள் ஞாபகம்தான் வந்தது. ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், அன்று மத்தியானம் சாப்பாடு அவர் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. குடும்பத்தோடு போனோம். மாக்டெபர்க்கில் வெளிநாட்டுக்காரர்களைத் தெருவில் திட்டுகிறார்கள், அடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அவர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று சபையில் எழுந்து சொன்னவரும் அவரே. விசுவாசம் அவிந்துபோயிற்று என்று எழுதினீர்களே, அவரை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்று திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிக்கோலாய் ஆலயத்துச் சமாதான ஜெபத்துக்குப் போகிறேன். 1989 அக்டோபர் 9ஆம் தேதி அந்த ஜெபத்துக்குப் பின்னால்தான் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து எழுபதாயிரம் பேர் தெருவில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இன்றைக்கும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று வாசலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 23 இங்கே பொதுத் தேர்தல், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டவர்களைப் பற்றிய கோபப் பேச்சுதான் எங்கும். அன்று காலை பிரசங்கம் எனக்கு. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்நியனை ஏற்றுக்கொள்ளச் சொன்ன வசனத்தை விடவும் மாட்டேன். அதற்காக வீட்டு ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. எங்கள் பாடகர் குழுவை நடத்துகிற அம்மா குறவஞ்சியிலிருந்து ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். நீங்கள் பாடித் தாளத்தோடு போனில் பதிவு செய்து அனுப்புங்கள். தொண்டை சரியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், ஈஸ்டருக்கு முன்னால் வேண்டும்.

உங்கள் அன்பு மகன்,
சாமுவேல்