1814 லண்டன் கொலைக்குச் சில திருத்தங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கதைச் சுருக்கத்தை இரண்டு தடவை படித்தேன். 1814 ஜனவரி, லண்டன், விஷம், நடுவில் ஒரு காதல். ரீஜென்சி காலம் (அரசருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம்) 1811 முதல் 1820 வரை என்பதால் ஆண்டு சரி. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறாரே! அந்தப் போலீஸ் பிறந்ததே 1829-இல்தான். மரண விசாரணை நடத்தும் கரோனர், மாஜிஸ்திரேட், கூலிக்குத் துப்பறியும் போ ஸ்ட்ரீட் ஆட்கள், இவர்கள்தான் உனக்கு வாய்த்தவர்கள். மரண விசாரணை பெரும்பாலும் பக்கத்து மதுவிடுதியில் நடக்கும். குறைந்தது 12 ஜூரிகள் பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும். அந்தக் காட்சியை விட்டுவிடாதே.

ஆர்சனிக்கை டாக்டர் அடித்துச் சொல்வதும் உதைக்கிறது. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை வந்தது 1836-இல். உன் டாக்டர் சந்தேகப்பட்ட பொடியைத் தணலில் போட்டுப் பூண்டு வாடை வருகிறதா என்று முகரட்டும். மறுத்துப் பேச இடமிருப்பது கதைக்கு நல்லதுதான். தீக்குச்சியையும் எடுத்துவிடு, அது 1827 சரக்கு. சக்கிமுக்கியைத் தட்டினால் அடுத்த அறைக்குக் கேட்கும், யோசித்துப் பார்.

கடிதத் துப்பு பிரமாதம். ஆனால் உறை வேண்டாம். தாள் கணக்கில் கட்டணம் என்பதால் உறை போட்டால் இரட்டிப்பு. தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள், கட்டணம் கடிதத்தைப் பெறுபவர் தலையில். எம்.பி. கையெழுத்திட்டால் இலவசம். அதற்கு முகவரி, ஊர், தேதி எல்லாம் அவரே எழுத வேண்டும் (தேதியின் நாள் எண்ணில் அல்ல, எழுத்தில்), தபாலில் போடும் ஊருக்கு 20 மைலுக்குள்ளும் இருக்க வேண்டும். உன் வில்லன் எம்.பி.தானே? கொலையன்று தான் லண்டனிலேயே இல்லை என்று காட்ட, முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தொலைவிலுள்ள யார்க்கில் ஒருவனைப் போடச் சொல்லட்டும். அந்த ஜனவரியில் பனி கொட்டிச் சாலைகள் அடைந்து கிடந்தன. கோச் ஒரு நாள் தாமதம். போனவன் பயந்துபோய்த் தேதியில் 'four' என்பதை 'five' ஆக்குகிறான். அந்த ஒரு சொல் மட்டும் வேறு கை.

காதலர்களை நிலா வெளிச்சத்தில் மணமுடிக்காதே. சாதாரணக் கல்யாணம் காலை 8-லிருந்து 12-க்குள். பெண்ணுக்கு 19 வயது, அப்பா சம்மதமில்லாமல் லைசென்ஸ் கல்யாணம் செல்லாது. அப்பா சம்மதமில்லாமல் ஓடிப்போய் மணமுடிக்கும் ஸ்காட்லாந்து எல்லைக் கிராமமான கிரெட்னா கிரீன் 300 மைலுக்கும் மேல், அந்தப் பனியில் போய்ச் சேர்ந்த மாதிரிதான். மிச்சம், மூன்று ஞாயிறு சர்ச்சில் பெயர் அறிவிப்பது. அப்பா எதிர்ப்புச் சொல்லாதவரை செல்லும். நெரிசலான பேட்டைச் சர்ச்சாகப் பார்த்து வை. இரண்டாம் ஞாயிறுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கொலையாளி சிக்கட்டும்.

திருத்திய அத்தியாயத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாசகன்