தென்மலையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு

செங்கோட்டை–புனலூர் ரயில் பயணிகள் வாட்ஸ்அப் குழுவில் பலாப்பழப் படம் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு இந்த நன்றி. பேரைப் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அப்பா புனலூருக்குப் பதில் தென்மலையில் இறங்கிவிட்டார். 2010-ல் நிறுத்திய மீட்டர் கேஜ் வண்டி இன்னும் அவர் நினைவில் ஓடுகிறது. 2018-ல் வந்த அகலப்பாதைதான் மனதில் நிற்பதில்லை. கையில் போனும் கிடையாது. அழுதுகொண்டே குழுவில் ஒரு வாய்ஸ் போட்டேன். (குட்மார்னிங் படம் போடாதீங்க என்று அதே குழுவில் இவரோடு சண்டை பிடித்தவள் நான்.)

இருபது நிமிஷத்தில் பதில்: "பேடிக்க வேண்டாம் மோளே, அப்பா இங்கதான் இருக்காரு." பின்னாலேயே ஒரு போட்டோ. பிளாட்பார பெஞ்சில் அப்பா, ஒரு கையில் கட்டன் சாயா, மறு கையில் பாதி கடித்த பழம்பொரி. அதே பாதையில் இருக்கும் கழுத்துருட்டி பதிமூணு கண் பாலத்தைப் பற்றி அப்பா வகுப்பே எடுத்தாராம். நான் போய்ச் சேரும்வரை அண்ணாச்சி மூணு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கூகுள் பேயில் 500 ரூபாய் போட்டேன். அஞ்சே நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குட்மார்னிங் படம், ராத்திரி எட்டு மணிக்கு.