பிளாஷ் படம் இருண்டால் ஷட்டரைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண வீட்டில் நாமே படம் எடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையின் பெட்டிச் செய்தி, "பிளாஷ் போட்டும் முகம் இருட்டாக வந்தால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், வெளுத்துப் போனால் கூட்டுங்கள்" என்கிறது. பிளாஷ் போடாத படத்துக்கு இது சரி. பிளாஷ் படத்தில் இப்படிச் செய்தால் முகம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது பின்னால் தெரியும் மண்டபம்.

காரணம் நேரக் கணக்கு. கேமராவின் தலையில் மாட்டும் பிளாஷ் முழுச் சக்தியில் அடித்தாலும் ஏறத்தாழ 1/1000 நொடியில் அதன் வேலை முடிந்துவிடும். சக்தியைக் குறைக்கக் குறைக்க இந்த நேரமும் சுருங்கும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால் என்ன, 1/50 நொடி திறந்திருந்தால் என்ன, அந்த ஒரு பளிச் முழுசாக உள்ளே வந்துவிட்டது. மிச்ச நேரத்தில் உள்ளே சேர்வது மண்டபத்து விளக்கு வெளிச்சம் மட்டும். லென்ஸின் துவாரமான அப்பர்ச்சர் அப்படியல்ல. பிளாஷ் வெளிச்சமும் டியூப்லைட் வெளிச்சமும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எஃப் எண் குறையக் குறைய வாசல் பெரிதாகும்; எஃப் 8-லிருந்து எஃப் 5.6-க்குத் திறந்தால் இரண்டுமே இரட்டிப்பாகும். படம் பதியும் சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவும் அப்படித்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் ஹாலில் ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். கேமராவை மேனுவலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 என்று வையுங்கள். பிளாஷையும் மேனுவலுக்கு மாற்றி 1/32 சக்தியில் வையுங்கள். கேமராவே பிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் டிடிஎல்லில் விட்டால் அது தானே அளவைக் கூட்டிக் குறைத்து சோதனையைக் கெடுத்துவிடும். ஒருவரை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார வைத்து 1/200, 1/100, 1/50, 1/25 என்று நான்கு படம் எடுங்கள். நான்கிலும் முகம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், பின்சுவர் மட்டும் படிப்படியாக வெளிச்சமாகும். பிறகு ஷட்டரை 1/100-இல் நிறுத்தி எஃப் 4, 5.6, 8, 11 என்று மாற்றுங்கள். இப்போது முகமும் சுவரும் சேர்ந்தே இருளும்.

அந்த 1/32 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100-இல் கைடு நம்பர் 40 என்றால், 5 மீட்டரில் நிற்பவருக்கு முழுச் சக்தியில் எஃப் 8. ஐஎஸ்ஓ 400-க்குப் போனால் கைடு நம்பர் 80, எனவே எஃப் 16. எஃப் 5.6 போதும் என்றால் மூன்று ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது), 1/8 சக்தியே போதும். தூரம் பாதியானால் இன்னும் இரண்டு ஸ்டாப் குறைந்து 1/32. பிளாஷ் வந்த அட்டைப் பெட்டியில் 60 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது பெரும்பாலும் பிளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து அளந்தது. 50 மி.மீ.க்கு வந்தால் 40 பக்கம் இறங்கிவிடும்.

குரூப் போட்டோவில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை மங்குவதற்கும் ஷட்டர் காரணமல்ல. முன்வரிசை 3 மீட்டர், பின்வரிசை 4.5 மீட்டர் என்றால் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி வெளிச்சம்கூடப் போய்ச் சேராது. 6 மீட்டருக்குப் பின்வாங்கி, பிளாஷை நான்கு மடங்கு கூட்டினால் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்குள் வந்துவிடும்.

பெட்டிச் செய்தியின் இரண்டாவது பாதி இன்னும் ஆபத்தானது. படம் வெளுக்கிறது என்று ஷட்டரை 1/500-க்கு ஏற்றினால் கிடைப்பது கறுப்புப் பட்டை. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை விலகித் திறக்கும், இரண்டாவது பின்தொடர்ந்து வந்து மூடும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். இதுதான் சின்க் வேகம். அதற்கு மேலே போனால் முதல் திரை கடைசிவரை போவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். பிளாஷ் அடிக்கும் கணத்தில் சென்சாரின் ஒரு பகுதி மூடிக் கிடக்கும், அந்தப் பகுதி படத்தில் கறுப்பாக விழும், பெரும்பாலும் கீழ் ஓரத்தில். கேமராவோடு பேசத் தெரிந்த பிளாஷ் என்றால் கேமராவே சின்க் வேகத்தைத் தாண்ட விடாது. நடுவில் ஒற்றை முனை மட்டும் உள்ள மலிவான பிளாஷையும், தள்ளி வைத்த பிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் டிரிக்கரையும் மாட்டினால் கேமராவுக்குப் பிளாஷ் இருப்பதே தெரியாது, 1/1000 என்றாலும் சுட்டுவிடும். அந்த டிரிக்கர்கள் சற்றுத் தாமதமாக வேறு அடிக்கும் என்பதால் 1/200-க்குப் பதில் 1/160-இல் வைப்பது நல்லது.

விதிவிலக்கு உண்டு. ஹை ஸ்பீடு சின்க் வசதியைப் போட்டால் பிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் திரைகள் நகரும் நேரம் முழுவதும் துடித்துத் துடித்து எரியும். அப்போது அது எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்குச் சமம், ஷட்டரைக் கூட்டினால் பிளாஷ் வெளிச்சமும் குறையும். சக்தியும் இரண்டு ஸ்டாப் அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் போய்விடும். மண்டபத்துக்குள் இது தேவையே இல்லை. உச்சி வெயிலில் எஃப் 2.8-இல் மணமக்களை எடுக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100-இலேயே ஷட்டர் 1/3200 வரை போகும். அங்கேதான் இது உதவும். இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான நான்கு ஸ்டாப் என்டி பில்டரை லென்ஸில் மாட்டி 1/200-க்கு இறங்கலாம்.

அப்படியானால் மண்டபத்தில் ஷட்டரை எதற்குத்தான் தொடுவது? மேடை அலங்காரமும் சீரியல் விளக்கும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு. 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று எடுத்தால் முகம் தெளிவாக இருக்கும், வாடகை கொடுத்துப் போட்ட அலங்காரம் முழுக்க இருட்டுக் குகையாகிவிடும். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/50 நல்ல தொடக்கம். 1/15-க்குக் கீழே இறங்கினால், அட்சதை தூவும் கைகள் பிளாஷில் உறைந்த உருவத்தோடு ஆவிபோல ஒரு நிழலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். மலிவான எல்இடி விளக்கு இருக்கும் இடத்தில் 1/100 அல்லது 1/50 வைத்தால் பின்னணியில் கோடு விழுவது குறையும். 1/125 வைத்தால் சில படங்களில் விழும்.

இத்தனைக்குப் பிறகும் முகம் இருட்டாக வந்தால் டிடிஎல் ஏமாந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை சட்டகத்தை நிறைத்தால் அது "வெளிச்சம் போதும்" என்று சீக்கிரமே அணைத்துவிடும். டிடிஎல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிளாஷ் காம்பன்சேஷனை +2/3 அல்லது +1 ஆக்குங்கள். மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு போட்டிருந்தால் இதற்கு நேர்மாறு. பிளாஷ் வெளிச்சத்தைக் கூரையில் மோத விடுகிறீர்கள் என்றால் குறைந்தது இரண்டு ஸ்டாப் கூடுதலாக வேண்டும். மண்டபத்துக் கூரை இரண்டு மாடி உயரம் என்றாலோ பச்சைச் சாயம் பூசியிருந்தாலோ அந்த முயற்சியே வேண்டாம்.

பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், அதைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த கட்டுரையில் மாதிரிப் படங்களின் கீழே ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றோடு பிளாஷின் சக்தியையும் ஆள் நின்ற தூரத்தையும் அச்சிட வேண்டுகிறேன். இந்த முறை அவை இரண்டும் விடுபட்டிருந்தன.

இப்படிக்கு,
திருமணப் புகைப்படக் கலைஞர் ஒருவர்,
திண்டுக்கல்