மைக்கா, பிக்கப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கித்தாரில் ஒயரைச் செருகி நேராகப் பதிவு செய்தாலே போதும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஜனைக் குழுவுக்குப் போன மாதம் அப்படித்தான் 4 பாட்டு பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் தந்தி மட்டும் 'டக் டக்' என்று அடிக்கிறது. மரத்தின் நாதமே இல்லை. கித்தார்ப் பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், தந்தி அமரும் பட்டைக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப் என்னும் உணர்கருவி, தந்தியின் அதிர்வு தரும் அழுத்தத்தைத்தான் உணரும், பெட்டிக்குள் அசையும் காற்றை அல்ல. (பாதித் தப்பு என்னுடையது. பதிவுக் கருவியில் கித்தாருக்கென்று உள்ள துளையை விட்டு, கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் துளையில் செருகிவிட்டேன். இன்னும் மெலிந்துபோனது.)

அப்புறம் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை மட்டும், கித்தார்க் கழுத்தில் பதித்த 12ஆம் ஃப்ரெட்டுக்கு (உலோகக் கம்பிக்கு) எதிரே, 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். பெட்டியின் வாய்க்கு நேரே வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். இப்போது என் கித்தார் என் கித்தாராகவே கேட்டது, கூடவே கொல்லையில் ஹடேடா பறவை கத்தியதும்! இரவு பத்து மணிக்கு மேல்தான் மறுபடி வாசிக்க முடிந்தது.

காவடி மேடையில், தவிலுக்குப் பக்கத்தில், சரி, பிக்கப்தான். அங்கே மைக் வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். வீட்டில் எதற்கு?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்