நூற்றாண்டு விழா: வளைவுக்கு முன் நினைவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூற்றாண்டு காணும் கல்லூரிகள் அலங்கார வளைவு, மேடை, விழா மலர் என்று முன்கூட்டியே திட்டமிடுகின்றன. பழைய மாணவர்களின் நினைவுகளைத் திரட்டும் வேலையோ கடைசி மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. அதை ஓராண்டுக்கு முன்பே, எண்பதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

பேட்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் முதியவர்கள் களைத்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். இரைச்சலைப் பிறகு நீக்கப் போனால் குரலும் சேர்ந்து சிதையும். "கல்லூரி நாட்கள் எப்படி இருந்தன?" என்று கேட்டால் "பொற்காலம்" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். விடுதி மணி எப்போது அடிக்கும், ஆய்வகத்தில் யாருடன் கூட்டு என்று கேளுங்கள். வெளியிடுவதற்கான ஒப்புதலை அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள். சுருங்கி வரும் படம் கைபேசியில் பளிச்சென்று இருக்கும், அச்சில் மங்கிப்போகும். அசலை வாங்கி 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் தடம் முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சில் போதும். லேமினேஷன் கூடவே கூடாது.

குழுப்படங்களில் பெயர் தெரியாத முகங்கள்தான் பெரிய தலைவலி. விழா நாளன்று பெரிய அச்சுப்படியைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேடையைவிட அங்கேதான் கூட்டம் கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்