பூட்டிக் கிடக்கும் வளவுகளின் பங்காளிகளுக்கு

செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகளில் பங்கு வைத்திருக்கும் ஐயாக்களுக்கும் ஆச்சிகளுக்கும் வணக்கம்.

நாங்கள் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். ஒருவர் நாகசுரம் வாசிக்கிறார். ஒருவர் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போடுகிறார். பரதம் படித்த பெண் ஒருவர், ஒலிப்பதிவு தெரிந்த பையன் ஒருவன், ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிற அண்ணன் ஒருவர். நான் நாடகம் சொல்லிக்கொடுப்பவன். எல்லாரும் சேர்ந்து, ஒருவர் கலையை மற்றவர் படித்து, இதுவரை இல்லாத ஒன்றைச் செய்துபார்க்க நினைக்கிறோம். அதற்கு மேடை கேட்கவில்லை. ஆளில்லாத ஒரு வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய இடத்தையும், மார்கழி மாதம் முழுக்கக் கேட்கிறோம்.

கலை நிகழ்ச்சிதானே, ஒரு சாயங்காலம் போதாதா என்பீர்கள். ஒரு சாயங்காலம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்குத் தெரிந்ததை வரிசையாகச் செய்துவிட்டுப் போவோம். தொகுப்பாளர் அதைச் 'சங்கமம்' என்பார். அதில் நாகசுரக்காரர் இலையோரத்து ஊறுகாய். ஐந்து நிமிடம் வாசித்ததும் கைதட்டி இறக்கிவிடுவார்கள். அவர் மூச்சை இழுத்து நிறுத்தும் இடத்தில் ஆடுகிறவர் என்ன செய்வது, அவர் நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியைச் சரிசெய்யும் நேரத்தை வசனம் பேசுகிறவர் எப்படி எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் தினமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் பிடிபடும்.

கல் போடும் அண்ணனை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து அவர் வண்ணத்தை ஊற்றும்போது, பூவேலையின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கும். மணலும் சிமென்ட்டும் மேலே விழும். முதுகுப் பக்கமிருந்தே வேலை பார்த்து, முகத்தைக் கடைசியில் காண்பவர் அவர். எப்போதும் கண்ணாடியைப் பார்த்தே ஒத்திகை செய்து பழகிய ஆட்டக்காரர் அவரிடம் படிக்க நிறைய இருக்கிறது.

இது வெளிநாட்டுப் பைத்தியம் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதி உண்மை. 1952இல் அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரியில் இசையமைப்பாளர் ஜான் கேஜ், நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாம், ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் முதலானோர் ஒன்று செய்தார்கள். கேஜ் ஆளாளுக்கு நேரத்தை மட்டும் வகுத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது அவரவர் பாடு. நடுவே நாற்காலியில் பார்வையாளர்கள், நாற்காலிகளுக்கு இடையே ஆட்டம், தலைக்கு மேலே ஓவியங்கள். நடந்த இடம் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடம். பந்தி போட்ட கூடங்கள் உங்கள் வீடுகளிலும்தான் இருக்கின்றன.

மறு பாதி நம் ஊர்ச் சரக்கு. ஸ்பெஷல் நாடகமான 'வள்ளி திருமண'த்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வருவார்கள். கூடி ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் ஆர்மோனியக்காரரின் காதும்தான் துணை. விடியவிடியத் தர்க்கம் நடக்கும். அமெரிக்காவில் நடந்தால் பரிசோதனை, கோயில் பொட்டலில் நடந்தால் ராத்திரி நாடகமா? 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு தெருக்கூத்துக்காரர்களிடம் போய்ப் படித்தது. 1985இல் நடனக்காரர் சந்திரலேகா 'அங்கிகா'வில் பரதத்தையும் களரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். துணிச்சல் செட்டிநாட்டுக்கும் புதிதல்ல. 1947இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டூடியோவில் எடுத்த படம்தான்.

ஒரு வீட்டில் ஏறக்குறைய ஒத்துக்கொண்டார்கள். கடைசியில், "கதை என்ன, எப்படி இருக்கும், எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அதை எழுதிக் கொடுக்க முடிந்தால் எங்களுக்கு ஒரு மாதம் எதற்கு? தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள். பதிலாக ஒன்று செய்யலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகப்புக் கதவைத் திறந்துவைக்கிறோம். பங்காளிகளும் தெருக்காரர்களும் திண்ணையிலோ வளவுப் பத்தியிலோ உட்கார்ந்து அந்த வாரம் செய்ததைப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லட்டும், ஆச்சிகள் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

ஷூட்டிங்காரர்கள் கொடுக்கும் வாடகை எங்களால் முடியாது. கரன்ட் பில்லும் காவல்காரர் சம்பளமும் எங்கள் பொறுப்பு. பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடிக்கமாட்டோம். முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவரில் டேப் ஒட்டமாட்டோம். பழைய வயரிங்கில் பெரிய விளக்கு மாட்டவும் மாட்டோம். வளவில் இறங்கும் பகல் வெளிச்சம் போதும். சாமி அறையும் பங்காளிகளின் அறைகளான இரட்டை வீடுகளும் பூட்டியபடியே இருக்கட்டும். பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் சடங்குக்கு வீடு வேண்டுமென்றால் அன்றைக்குக் காலி செய்து, கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

மார்கழி கேட்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணம் இல்லை, ராத்திரி நாடகமும் குறைவு. நாகசுரக்காரர் விடியலில் கோயில் சேவகம் முடித்து வந்துவிடுவார். பரதக்காரருக்குச் சென்னை சபாக்களில் யாரும் இடம் கொடுக்கவில்லை, அதுவும் ஒரு வசதி. ஆறு பேருக்கும் ஒரே கூலி என்று பேசி முடித்துவிட்டோம்.

பங்காளிகளில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த வீட்டுக்கு வரமாட்டோம். எல்லாருக்கும் சம்மதமென்றால் கார்த்திகை பாதிக்குள் சொல்லிவிடுங்கள். ஸ்திரீபார்ட்காரர் தை மாதத்துக்கு முன்பணம் வாங்குமுன் தேதியை முடிவு செய்யவேண்டும்.