அண்ணாவிடமே கேட்டுவிடு

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் மலைக்கு வரும்போது எடுத்துவந்து கொடுத்தான். காப்பிப் பறிப்பு முடியும்வரை நான் அக்காவோடு இங்கேதான் இருக்கிறேன். இந்த வருஷம் பழம் சுமார்தான். மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது.

உன் வீட்டுக்காரருக்கு, நம் அண்ணாவுக்கு, அல்சைமர் என்ற மறதிநோய்தான் என்று உறுதியாகிவிட்டது என்ற வரியைப் படித்தபின் மேலே படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் எந்தப் பட்டறையில், எந்த வருஷம், யாருக்குக் கொலுசு செய்யக் கொடுத்தோம் என்பதுவரை சொல்லும் மனிதர். இப்போதும் பேச்சு தெளிவாக இருக்கிறது, சில நேரம் வழிதான் தப்புகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தெளிவு இருக்கும்போதே நீ கேட்டிருக்கும் விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஆய்வு மையத்தில் அவருடைய தோலில் ஒரு பொட்டு கேட்கிறார்கள், உன்னிடமும் கேட்கிறார்கள். மருமகள் கொடுக்கலாம் என்கிறாள், பையன் அப்பாவை எதற்கு இம்சைப்படுத்த வேண்டும் என்கிறான். மூளையில் வரும் நோய்க்குத் தோல் எதற்கு என்பதே உனக்குப் புரியவில்லை. "காலேஜில் விலங்கியல் நடத்தியவள் நீதானே, சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததோடு, பெங்களூரில் செல் வளர்க்கும் லேபில் வேலை பார்க்கும் என் தம்பி மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து ஆராய்ச்சிக்காகத் துண்டு எடுக்க முடியாது. இந்த நோயின் பெரிய சிக்கலே அதுதான். 1901ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்தார். 1906ல் அந்த அம்மா இறந்த பிறகுதான் மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்து, செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அதற்குப் பிறகும் பல காலம், எல்லாம் எரிந்து அடங்கிய வீட்டைப் பார்ப்பதாகத்தான் இருந்தது ஆராய்ச்சி. நோய் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்க்க உயிருள்ள நரம்புச் செல் வேண்டும். அதற்குத்தான் தோலைக் கேட்கிறார்கள்.

எடுப்பது பெரிய காரியம் இல்லை. மேல் கையின் உட்புறத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன வட்டம் எடுப்பார்கள். ஊசி குத்தும்போது எரியும், பிறகு வலி தெரியாது. சின்னத் தழும்பு நிற்கும். அண்ணா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அந்தத் துண்டைப் பொடியாக நறுக்கித் தட்டில் ஒட்டவைத்து, சத்து நிறைந்த திரவத்தில், 37 டிகிரி சூட்டில் வைத்துவிடுவார்கள். முதலில் சில நாள் ஒன்றுமே நடக்காதாம். பிறகு ஓரத்திலிருந்து நீள நீளமான செல்கள் ஊர்ந்து வெளியே வரும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தோல் செல்லைப் பற்றி நாம் படித்தோமே, அதுதான். சில வாரத்தில் தட்டு நிறைந்துவிடும். இவை முடிவில்லாமல் பெருகுவதில்லை, ஏறக்குறைய 50 முறை இரட்டிப்பானதும் நின்றுவிடும் என்று 1961லேயே ஹேஃப்ளிக் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து எடுத்தாலும் மறுபடி வளரும்.

இந்தத் தோல் செல்லை வைத்தே சில விஷயங்கள் தெரிந்தன. நோயாளிகளின் தோல் செல் கால்சியத்தைக் கையாளும் விதம் வேறாக இருக்கிறது என்று எண்பதுகளிலேயே எழுதினார்கள். ஆனால் அடுத்து வந்ததுதான் பெரிய திருப்பம். 2006ல் ஜப்பானில் ஷின்யா யாமானாகா எலியின் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிவிட்டார். அடுத்த வருஷமே மனிதத் தோலிலும் செய்தார். 2012ல் அவருக்கு நோபல் பரிசு. அப்படித் திரும்பிய செல்லை எந்தச் செல்லாகவும் வளர்க்கலாம், நரம்புச் செல்லாகவும். இங்கே மிளகுக் கொடியில் ஒரு துண்டு வெட்டி நட்டால் தாய்க்கொடியின் குணமெல்லாம் அதில் வருகிறதல்லவா, அதுபோல அண்ணாவின் தோலிலிருந்து வரும் நரம்புச் செல்லில் அவருடைய மரபணுக்கள் அத்தனையும் இருக்கும்.

கமலா, அமெரிக்காவில் நீ இருக்கும் சான் டியாகோவிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கோல்ட்ஸ்டைன் குழு 2012ல் பரம்பரையாக நோய் வந்த இருவர், பரம்பரைக் காரணம் தெரியாத இருவர், நோய் இல்லாத இருவர் ஆகியோரின் தோலிலிருந்து நரம்புச் செல் உருவாக்கியது. பரம்பரை நோயாளிகள் இருவரின் செல்களிலும் திட்டாகப் படியும் அமிலாய்டு புரதம் அதிகம் சுரந்தது, இழையாக முறுக்கிக்கொள்ளும் டாவ் புரதமும் மாறியிருந்தது. காரணம் தெரியாத இருவரில் ஒருவருக்கு அதே மாற்றங்கள் இருந்தன. மற்றவருடையது நலமானவர்களின் செல்லைப் போலவே இருந்தது. இது என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ஒரே பெயர் சொல்லி அழைக்கும் நோய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கலாம். பரம்பரை வகை நூற்றில் ஒருவருக்குக்கூட இருக்காது. அண்ணாவைப் போன்றவர்கள்தான் மீதிப் பேர் எல்லாரும். அவர்களுடைய செல்கள் நிறையச் சேர்ந்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். செல்லைக் கரு நிலைக்குத் திருப்பும்போது அதன் வயதும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. முதுமையில் வரும் நோயைப் பிறந்த குழந்தையின் செல்லில் தேடுவது மாதிரி ஆகிவிடும். அதனால் உங்கள் ஊர் சால்க் ஆய்வகத்தில் கருநிலைக்குப் போகாமலே தோல் செல்லை நேராக நரம்புச் செல்லாக மாற்றுகிறார்கள். அப்படி மாற்றினால் முதுமையின் அடையாளங்கள் செல்லில் தங்கிவிடுகின்றன என்று 2015ல் காட்டினார்கள். தட்டில் வளரும் செல் முழு மூளை ஆகாது என்பதும் உண்மைதான். ரத்தக்குழாய் இல்லை, தூக்கம் இல்லை, எழுபது வருஷத்து வாழ்க்கை இல்லை.

உன்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று குழம்பியிருந்தாய். நோய் இல்லாதவரின் செல்லைப் பக்கத்தில் வைக்காமல் நோயாளியின் செல்லில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஏறக்குறைய ஒரே வயது, அதே வீடு, அதே சாப்பாடு, ஆனால் வேறு மரபணு. உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. உலகத்தில் சேமித்து வைத்திருக்கும் செல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. APOE4 என்ற மரபணு வகை இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும், ஆனால் எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவில் இல்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கும் என்று 2023ல் கணக்கிட்டார்கள். பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையும் அங்குள்ள ஆய்வு நிலையங்களும் சேர்ந்து நோயுள்ள குடும்பங்களிடம் ரத்தம் பெற்று, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல் உருவாக்குகிறார்கள். இருந்தாலும் நம் ஜனங்களின் செல்கள் இன்னும் மிகக் குறைவு. சேலத்துக்காரர் இருவரின் செல் அந்த உறைபெட்டியில் இருப்பது சின்ன விஷயமில்லை.

சரி, பையன் சொல்வதற்கு வருகிறேன். அவன் பயம் நியாயமானது. இதனால் அண்ணாவுக்கு எந்தக் குணமும் வராது, அதை அவனிடம் மறைக்காதே. ஆனால் வேண்டாம் என்பதை அவன் சொல்லக் கூடாது. சரி என்பதை நீயும் சொல்லக் கூடாது. அண்ணா சொல்ல வேண்டும். 1951ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல் எடுத்தார்கள். அது இன்றைக்கும் உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை மருந்துக்கு உதவியிருந்தாலும், கேட்காமல் எடுத்தது தப்புதான்.

இங்கே அக்காவைத் தினமும் பார்க்கிறேன். பழுத்த காப்பியையும் காயையும் முறத்தில் பிரித்துப் போடுகிறாள், விரல் ஒருமுறைகூடத் தப்புவதில்லை. என்னை யாரென்று கேட்டால் சிரிக்கிறாள். இன்று யாராவது வந்து அவளுடைய தோல் செல் வேண்டும் என்றால், அவளுக்குப் பதிலாக நான் சரி சொல்ல மாட்டேன். அவள் என்ன நினைப்பாள் என்று தெரிந்துகொள்ளும் வழி அடைத்துவிட்டது. உன் வீட்டில் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. காலை நேரத்தில், அவர் மனம் தெளிந்திருக்கும்போது, தமிழிலேயே நிதானமாகச் சொல்லிக் கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. சரி என்றால் மறுநாள் மறுபடி கேட்டுப் பார், அதே பதில் வருகிறதா என்று.

கையெழுத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரை நீக்கி எண் மட்டும் வைப்பார்களா? மரபணு முழுவதையும் படிப்பார்களா, கம்பெனிகளுக்குக் கொடுப்பார்களா? பிற்பாடு மனம் மாறினால் செல்லை அழித்துவிடுவார்களா? APOE4 இருப்பது தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா? கடைசிக் கேள்வியைப் பையனோடு உட்கார்ந்து பேசு, அதன் பதில் அவனையும் பேரக் குழந்தைகளையும் தொடும்.

படிவத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு. புரியாத இடமெல்லாம் குறித்து, தம்பி மகளிடம் கேட்டு எழுதுகிறேன். மருமகள் தை மாதம் ஊருக்கு வந்தால் புது மிளகு கொடுத்தனுப்புகிறேன், அண்ணாவுக்கு ரசம் வைத்துக்கொடு.

அன்புடன்,
உன் சரோஜா